உங்கப்பா பீப்பாயில் போட்ட கொம்பு

கண்ணு துயாரா,

இங்கே நாங்கள் எல்லாரும் உயிரோடும் சூட்டோடும் இருக்கிறோம், அடுப்பு எரிகிறது, மாடு பால் தருகிறது, உங்கப்பா எப்போதும்போல்தான் இருக்கிறார். தாஷ்கண்டில் நீயும் ஷவ்கத் மாப்பிள்ளையும் என் பேரன் பஹ்ராமும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் அடுப்புத் தீயில் ஒரு துண்டு அப்பத்தைப் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன், தீ சடசடவென்று வாங்கிக்கொள்கிறது, அதனால் நன்றாகத்தான் இருப்பீர்கள். நீ அனுப்பிய உலர்ந்த பாதாமி வந்து சேர்ந்தது. பாதியை உங்கப்பா தின்றுவிட்டார், மீதியை அவருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தேன், இப்போது எனக்கும் தெரியாமல் போய்விட்டது, தேடிக்கொண்டிருக்கிறேன். போனில் நீ அம்மா என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடுகிறது, கடுதாசியே மேல். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, எழுத்து மேலேயும் கீழேயும் ஓடினால் நீதான் பிடித்து நிறுத்திப் படிக்க வேண்டும்.

முதலில் பிள்ளைகளின் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், கதையில் இறங்கிவிட்டால் மறந்துபோகும். உன் அண்ணன் செம்யோனின் மூத்தவன் எர்ச்சிம் பெரிய லாரி ஓட்டும் லைசென்சை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டான், அவன் அப்பன் எத்தனை தடவை போய் வாங்கினான் என்று நான் எழுதமாட்டேன், ஊருக்கே தெரியும். கடைக்குட்டி சாஹாயா மாவட்டத்து மோர்சிங் போட்டியில் இரண்டாவதாக வந்தாள், முதலில் வந்தது கலாசார மன்றத்துத் தலைவரின் அக்கா மகள், அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே புரிந்துகொள். உன் பிள்ளை பஹ்ராம் கணக்கில் நட்சத்திரம் வாங்கினான் என்று எழுதியிருந்தாயே, அதைக் கடையில் சொன்னேன், தபால் ஆபீசில் சொன்னேன், கடையில் ஆள் மாறியதும் திரும்பப் போய் இன்னொரு தடவை சொன்னேன். நம் கன்றுக்குட்டிகூட இந்த வருஷம் குளிரில் காது உறைந்து உதிராமல் இரண்டு காதோடும் தப்பித்துவிட்டது, அதுவும் நம் வீட்டுப் பிள்ளைதானே. செம்யோனின் நடுவுள்ளவள் குன்னெய்யை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கடுதாசி முழுக்க அவள் கதைதான்.

குன்னெய் இன்னும் அந்த பேக்கரியில்தான் இருக்கிறாள். விடிவதற்கு முன்னால் ரொட்டி அடுப்பு, மத்தியானம் பனிக்கட்டிச் சிற்பம். ஒரே நாளில் கை வெந்து, ஒரே நாளில் கை உறைகிறது, இந்தப் பெண்ணின் விரல்கள் என்ன பாவம் செய்தனவோ. இந்த வருஷம் நம் ஊர்க் குளிர்கால விழாவுக்கு நடுவராக வந்தவர் வதீம் என்பவர், உரால் மலைப் பக்கத்து ஆள், மீசை வைத்த பெரிய மனிதர், சொந்தமாகச் சிற்பிகள் குழு வைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பனிக்கட்டியில் மாளிகை எழுப்புகிறவராம். அவர் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, விழா முடிவில் இங்கே செதுக்குகிறவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து குன்னெய்க்குச் சோறு இறங்கவில்லை. வெளியே யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும், அப்பத்தா, எனக்கு அந்த இடம் வேணும், ரொட்டி வாசனை போதும் எனக்கு என்றாள். ஒரு மகளைத் தாஷ்கண்டுக்குக் கொடுத்தவள் நான், இன்னொன்றையும் அனுப்ப எனக்கு ஆசையா என்று கேட்டால் என்ன சொல்வேன், ஆனால் அவள் கேட்டவிதம் அப்படி, சரிடீ போ என்றுதான் வாயில் வந்தது.

ஆற்றிலிருந்து பனிக்கட்டியை வெட்டி டிராக்டரில் கொண்டுவந்து சதுக்கத்தில் இறக்கியதிலிருந்து ஊரில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஒவ்வொரு கட்டியும் நம் துணி அலமாரி அளவு. அதை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, நடுவே பனித்தூளையும் தண்ணீரையும் குழைத்துப் பூசுகிறார்கள், பூசின கையை எடுப்பதற்குள் கல்லாக ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் பெட்ரோல் ரம்பம், அது போடுகிற சத்தத்தில் நம் மாடு ஒரு வேளைப் பாலை அடக்கிக்கொண்டது. ரம்பம் ஓய்ந்தால் உளி, உளி ஓய்ந்தால் என்ன தெரியுமா, இஸ்திரிப்பெட்டி! நிசமாகத்தான், வழவழப்பு வருவதற்குச் சூடான இஸ்திரிப்பெட்டியைப் பனிக்கட்டிமேல் வைத்துத் தேய்க்கிறார்கள். உங்கப்பாவின் சட்டைக்கு வைத்திருந்ததை குன்னெய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், விழா முடியும்வரை அவர் கசங்கின சட்டையோடும் குன்னெய் செதுக்கிய பனிக்கட்டி எருது மடிப்புக் கலையாமலும் நின்றார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் வாய்க்கு மட்டும் எந்தக் குளிரும் உறைக்கவில்லை. பஸ் டிப்போ ஆட்கள் அந்தக் காலத்தில் உடம்பெல்லாம் மயிரோடு திரிந்த கம்பளி யானையைச் செய்கிறோம் என்று ஆரம்பித்தார்கள், தும்பிக்கை விழுந்தது, ஒட்டினார்கள், திரும்ப விழுந்தது, உடனே இது கரடி என்று பலகையை மாற்றி எழுதிவிட்டார்கள். கரடிக்கு எதுக்குய்யா தந்தம்னு ஒருத்தர் கேட்டதுக்கு, வயசான கரடி, பல்லு நீண்டுருச்சு என்றானாம் டிப்போக்காரன். பக்கத்து ஊரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் அன்னம் செய்தார்கள், கழுத்து அவ்வளவு மெல்லிசு, அவர்கள் உளி வைக்கும்போதெல்லாம் பார்க்கிற கூட்டம் முழுக்க மூச்சை நிறுத்தி, எடுத்ததும் ஒன்றாக விடும், சதுக்கத்தின்மேல் ஒரு மேகமே எழும்பும். நம் வீடு சதுக்கத்தை ஒட்டி இருப்பதால் சிற்பிகளும் நடுவரும் குளிர்காய்ந்து டீ குடிக்க நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஃபெவ்ரோனியா சம்பந்தி தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள், அதுவரை நடந்தால் மூக்கு விழுந்துவிடும் என்று யாரும் போகவில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

குன்னெய் எடுத்துக்கொண்டது குளிர் எருது, நம் பெரியவர்கள் கதையில் குளிரைக் கொண்டுவருகிற எருது. நீ அந்த வெயிலில் உட்கார்ந்து மறந்திருப்பாய் என்றுதான் எழுதுகிறேன், ஜனவரி முடியும்போது அதன் முதல் கொம்பு விழும், பிப்ரவரி நடுவில் மற்றது விழும், மாதக் கடைசியில் தலை விழும், அப்புறம்தான் குளிர் செத்து நமக்கு மூச்சு வரும். சின்ன வயசில் நீ தலை விழுந்த சத்தம் கேட்டது என்று பாதி ராத்திரியில் எழுந்து அழுதாயே, அந்த எருதுதான். குன்னெய்யோ இரண்டு கொம்பும் வைத்த முழு எருதாகச் செய்யத் தொடங்கினாள். அங்கேதான் அவளுடைய அம்மாச்சி, அதாவது நம் சம்பந்தி ஃபெவ்ரோனியா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஏ குன்னெய், இன்னிக்கு என்ன தேதி, மொதக் கொம்பு விழுந்து ஒரு வாரமாச்சு, நீ ரெண்டையும் மாட்டி வெச்சா விழுந்தது திரும்ப மொளைச்சிருச்சுன்னு குளிர் நெனச்சுக்காதா, ஏற்கெனவே வெறகு பத்தல எனக்கு என்றாள். இவள் இஸ்திரிப்பெட்டியை நிறுத்தாமல், அம்மாச்சி, இது சிற்பம், காலண்டர் இல்ல என்றாள். அதற்கு அவள், காலண்டருக்குக் கொம்பு கெடையாது, அதான் அதப் பாத்து ஒருத்தரும் பயப்படுறதில்ல, நீ வேணாப் பாரு, அந்தக் கொம்பு விழும், விழணும், விழுந்தே தீரும் என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள் துயாரா, பின்னால் வருகிறது.

இப்போது உங்கப்பாவிடம் வருகிறேன். ஆற்றுப் பனிக்கட்டி பால்போல் வெளுப்பாக இருந்தது, உடம்புக்குச் சரி, கொம்புக்குக் கண்ணாடிபோல் வேண்டும் என்றாள் குன்னெய். ஊரிலேயே கண்ணாடிபோல் பனிக்கட்டி எங்கே இருக்கிறது, நம் வீட்டு முற்றத்தில்தான். நவம்பரில் உங்கப்பா ஏரியில் வெட்டிக்கொண்டு வந்து குடிதண்ணீருக்கு அடுக்கிவைப்பாரே, அதற்குள் பேப்பரை வைத்தால் எழுத்தை வாசிக்கலாம், அப்படி. அதைத் தருவதற்கு மனிதர் ஒருநாள் முழுக்க முனகினார். குடிக்கிற ஐஸ மாட்டுத் தலையில வைக்கிறதா என்றார், கடைசியில் பேத்தி முகத்தைப் பார்த்து நீளமான கட்டிகள் இரண்டைக் கொடுத்தார். மற்றதையெல்லாம் அவர் ஏற்கெனவே கடப்பாரையால், ஐஸை உருக்குகிற அடுப்போரப் பீப்பாய்க்கு ஏற்றமாதிரி உடைத்துவிட்டார், ஆகவே இந்த இரண்டு போனால் ஊரில் வேறு இல்லை. குன்னெய் முற்றத்திலேயே உட்கார்ந்து செதுக்கினாள். வளையம் வளையமாக, நுனி வானத்தைப் பார்க்கிறமாதிரி, அம்மாடி, நான் பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைக்கு இந்தக் கை எங்கேயிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே அப்பத்தைக் கருகவிட்டேன். ஒரு கொம்பை எருதின் தலையில் ஒட்டியாயிற்று. மற்றதை முடித்து, மறுநாள் மத்தியானம் பேக்கரியிலிருந்து வந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று எங்கே சாத்திவைத்தாள் தெரியுமா, உங்கப்பாவின் குடிதண்ணீர் அடுக்குமேல். அதற்கடுத்த நாள் தீர்ப்பு.

மறுநாள் காலை வழக்கம்போல் உங்கப்பா கிழக்கு வெளுப்பதற்கு முன்பே எழுந்து வெளியே போய்ப் பனிக்கட்டி எடுத்துவந்து அடுப்போரப் பீப்பாயில் போட்டுவிட்டு, ஏரியில் வலை பார்க்கப் போய்விட்டார். செம்யோன் போன வருஷம் பீப்பாயின் அடியில் ஒரு குழாய் வைத்துக் கொடுத்தான், மூடியைத் திறக்கவே வேண்டாம், திருகினால் தண்ணீர். நான் திருகினேன், கெட்டில் வைத்தேன். அன்னம் செய்கிற அண்ணன் தம்பி வந்தார்கள், டிப்போ ஆட்கள் வந்தார்கள், நடுவர் வதீம் வந்தார். மீசையில் இருந்த உறைபனி உருகிக் கோப்பைக்குள் சொட்டச் சொட்டக் குடித்துவிட்டு, அம்மா, இந்த ஊர்ல எங்கயும் இப்படி ஒரு டீ குடிக்கல, என்ன போட்டீங்க என்று கேட்டார். எங்க வீட்டு ஐஸுங்க, அதான் ருசி என்று நானும் பெருமையாகச் சொன்னேன். சொன்னேனே!

மத்தியானம் குன்னெய் வந்தாள். அப்பத்தா, கொம்ப உள்ள எடுத்து வெச்சீங்களா என்றாள். இல்லையே என்றேன். முற்றத்தில் இல்லை, மாட்டுக் கொட்டிலில் இல்லை, வேலி ஓரம் இல்லை. அவள் முகம் மாவுபோல் ஆனதைப் பார்த்ததும் எனக்கு உச்சி சூடாகிவிட்டது. தினமும் வந்து விழும் விழும் என்று யார் சொன்னது? கோட்டைக்கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் சம்பந்தி வீட்டுக்கு நடந்தேன். அவள் தட்டில் ஊற்றி உறையவைத்த பால் வட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மதினி, கொம்பக் குடுத்துருங்க என்றேன். எந்தக் கொம்பு மதினி, உங்களுக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு இருக்கே என்றாள். வெளயாடாதீங்க, விழணும் விழணும்னு சொன்ன வாய் உங்க வாய்தானே என்றேன். என் வாய் பலிக்கிறதா இருந்தா என் மருமகன் குறட்டை எப்பவோ நின்னிருக்குமே மதினி என்றாள், மருமகன் என்றால் என் மகன், இதைச் சிரிக்காமல் சொன்னாள். இந்தா, தேடிக்கங்க, கட்டிலுக்கு அடியில பாருங்க, நெலவறையில பாருங்க, என் கொண்டைக்குள்ள வேணும்னாலும் பாருங்க என்றாள். நானும் விடுவேனா, எல்லா இடத்திலும் பார்த்தேன், கொண்டையைத் தவிர. கொம்பு இல்லை. ஆனால் நிலவறையில், போன குளிருக்கு முந்தின குளிரில் காணாமல் போன என் அப்பச்சட்டி இருந்தது! அது எங்க அம்மா குடுத்தது மதினி என்கிறாள், கைப்பிடியில் நான் சுற்றிய கம்பி அப்படியே இருக்கிறது. சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன், அவளும் விடாமல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, திருட்டுப் பட்டம் கட்டிட்டீங்க, இனி அந்தக் கொம்பு கெடைக்கிற வரைக்கும் உங்க கூடவேதான் வருவேன் என்று பின்னாலேயே வந்தாள். வழி முழுக்கச் சண்டை, வாயைத் திறந்து கத்தினதில் பல்லெல்லாம் வலி.

வீட்டுக்குள் நுழைந்தால் உங்கப்பா மீன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார். குன்னெய் அடுப்போரம் பெஞ்சில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறாள், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும், என்ன, ரெண்டு சம்பந்தியும் ஒண்ணா வர்றீங்க, யாரு செத்தா என்றார். கொம்பைக் காணோம் என்றேன். அதத்தான் எருது தலையில ஒட்டியாச்சே என்றார். அது ஒண்ணு, இன்னொண்ணு இங்க அடுக்கு மேல சாத்தி வெச்சிருந்துச்சு என்றேன். உங்கப்பாவின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அடுக்கு மேலயா, கொஞ்சம் வளைஞ்சாப்புலயா என்றார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தலையைப் பீப்பாய்ப் பக்கம் திருப்பினார். ஃபெவ்ரோனியாதான் போய் மூடியைத் தூக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, இந்தா இருக்கு மதினி, உங்க வீட்டுத் திருடன் உங்க வீட்டுலயே இருக்கான், பாதி கரைஞ்சுட்டான், பிடிங்க சீக்கிரம் என்றாள்.

உங்கப்பா பேசின நியாயத்தைக் கேள். என் அடுக்குல இருந்துச்சு, என் ஐஸ், என் பீப்பாய். இருட்டுல தடவிப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு, உள்ள விட்டா பீப்பாய் வயித்துக்கு அளவெடுத்த மாதிரி வளைஞ்சு எறங்குது, தாத்தா துண்டு துண்டா அள்ளிச் சிரமப்பட வேணாம்னு பேத்தி செதுக்கி வெச்சிருக்கா, எவ்வளவு பாசம்னுல்ல நான் நெனச்சேன் என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை துயாரா, கண் கலங்கியிருந்தது. நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அதற்குள் குன்னெய், அப்பத்தா, இந்தத் தண்ணியில யாரு யாரு டீ குடிச்சீங்க என்றாள். எல்லாரும்தான் என்றேன். நடுவருமா என்றாள். ரெண்டு கோப்பை, நல்லாருக்குன்னு வேற சொன்னாரு என்றேன். அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சரி, இந்த வருஷமும் பேக்கரிதான் என்றாள், அவ்வளவுதான்.  ஃபெவ்ரோனியாதான் அந்தத் தண்ணீரில் ஒரு கை எடுத்து அடுப்புத் தீயின் ஓரத்தில் தெளித்து, எடுத்துக்க, எருதோடது, தப்பா நெனக்காத என்று முணுமுணுத்தாள்.

குன்னெய் எழுந்து போய்ப் பீப்பாய்க்குள் தோள்வரை கையைவிட்டு மிச்சத்தை எடுத்தாள். முழங்கை நீளம் இருந்தது. வளையங்கள் மழுங்கி, ஒரு பக்கம் குழிந்து, நுனி சுண்டுவிரலாக மெலிந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு. விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை சிவந்து விறைக்கிறது, கீழே வைக்கமாட்டேன் என்கிறாள். நான் அதைப் பிடுங்கப் போனேன், தொடாதீங்க, தொடாதீங்க என்று கத்திவிட்டாள். அப்புறம் அம்மாச்சியைப் பார்த்து, விழுந்து ஒரு வாரமாச்சுன்னு சொன்னீங்கல்ல, ஒரு வாரம் கெடந்த கொம்பு இப்படித்தான இருக்கும் என்றாள். அவள் பதில் சொல்வதற்குள் கோட்டும் போடாமல் அதை ஏந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், அப்போதுதான் வாசலில் நுழைந்த எர்ச்சிம் பின்னாலேயே கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தீர்ப்பு நாளில் சதுக்கத்தில் ஊரே நின்றது. நான் உன் பழைய நரித்தோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன், காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. நம் எருது ஒற்றைக் கொம்போடு நின்றது. மற்ற பக்கத்தை உடைந்த அடிக்கட்டைபோல் சொரசொரப்பாக விட்டுவிட்டாள், இஸ்திரி இல்லை. முன்காலுக்குப் பக்கத்தில் பனியில் அந்தக் கரைந்த கொம்பு கிடந்தது, எருது தலையைக் கொஞ்சம் திருப்பி அதையே பார்ப்பதுபோல். தலையை அவள் திருப்பவில்லை, முன்பே அப்படித்தான் செதுக்கியிருந்தாள், ஆனால் கொம்பு அங்கே கிடந்ததும் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. எனக்கு அந்த மாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது, குளிர் சாகட்டும் என்று தினமும் சபிக்கிறவள் நான், அப்படியும் பாவமாக இருந்தது.

நடுவர் வதீம் சுற்றி வந்தார். நின்றார். ஒரு கொம்புதான் இருக்கு, நேரம் போதலையாம்மா என்றார். குன்னெய் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஃபெவ்ரோனியா போய் அவருக்கு நேரே நின்றாள், ஆள் அவர் இடுப்புக்குத்தான் வருவாள். நேரம் போதலையாவா, நாளுக்குச் சரியா நிக்குது தம்பி! இன்னிக்கு ரெண்டு கொம்போட நின்னா அது எங்க ஊரு எருதே இல்ல, எங்கயோ வழி தவறி வந்த எருது. இன்னொண்ணு விழ நாளு இருக்கு, அதான் அத இன்னும் விழ விடல. நம்பலன்னா கேட்டுப் பாருங்க என்று கையை வீசினாள், அவ்வளவுதான், ஊர்க் கிழவிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கொம்பு, தலை, விறகு, குளிர் என்று ஆரம்பித்துவிட்டார்கள், அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கி, சரிம்மா, சரிம்மா, விழட்டும், நான் தடுக்கல என்றார்.

அப்புறம் குனிந்து உட்கார்ந்து கீழே கிடந்த கொம்பைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி ஒரு விரலால் தடவினார். இத எந்த உளியால செஞ்ச, உளி பட்ட தடமே காணோம், இஸ்திரி வெச்சாலும் இப்படிக் குழியாதே, தானாக் கரைஞ்ச மாதிரியே இருக்கு, இத்தன வருஷமா செதுக்குறேன், எனக்கு இப்படி ஒரு நுனி வந்ததில்ல என்றார். குன்னெய் என்னைப் பார்த்தாள், நான் சம்பந்தியைப் பார்த்தேன், சம்பந்தி வானத்தைப் பார்த்தாள். உங்கப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது வந்து, நாந்தான் என்று ஒரு அடி முன்னால் வைத்தார், ஃபெவ்ரோனியா அவர் பூட்ஸ்மேல் ஏறி நின்றுகொண்டாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, குன்னெய்யே சொல்லிவிட்டாள். உளி இல்லைங்கய்யா, எங்க வீட்டு டீ பீப்பாய். தாத்தா தெரியாம உள்ள போட்டுட்டாரு. இது மிச்சம். மத்ததெல்லாம் நீங்கதான் குடிச்சீங்க, ரெண்டு கோப்பை.

துயாரா, அந்த மனிதர் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார். போச்சு, இனி பேக்கரிதான் என்று நினைத்தேன். பிறகு சிரித்தார் பார், மீசையிலிருந்து பனித்துண்டுகள் உதிர்ந்து விழுகிறவரைக்கும் சிரித்தார், பனியிலேயே உட்கார்ந்துவிட்டார், எர்ச்சிம்தான் கை கொடுத்துத் தூக்கினான்.

முதல் பரிசு அன்னத்துக்குப் போயிற்று, அந்தக் கழுத்துக்குக் கொடுக்கத்தான் வேண்டும், நானே கை தட்டினேன். நம் எருதுக்கு இரண்டாவது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் இரண்டாவது ராசி போலிருக்கிறது என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வதீம் குழுவில் யாரைச் சேர்க்கிறேன் என்று சொல்ல எழுந்தார். எங்க வேலையில தினமும் ஒரு கொம்பு விழும், வெயில்ல விழும், லாரியில விழும், என் கையாலயே விழும். கொம்பு செய்யறவங்க என்கிட்ட நெறைய பேரு இருக்காங்க, விழுந்த கொம்ப எங்க போடணும்னு தெரிஞ்சவ ஒருத்தி வேணும் என்று சொல்லி, குன்னெய் பெயரைச் சொன்னார். அவள் அப்படியே நின்றாள். நான் முதுகில் ஒரு அடி வைத்த பிறகுதான் நகர்ந்தாள். அடுத்த நொடி அந்தப் பக்கத்திலிருந்து அவள் அம்மாச்சியும் ஒரு அடி வைத்தாள், பெண் இரண்டு அடியில் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது ஊரெல்லாம் ஃபெவ்ரோனியா வாக்கு பலித்தது, ஃபெவ்ரோனியா பேசினதால்தான் கிடைத்தது என்கிறார்கள். அவள் இல்லை என்று சொல்கிறாளா, சொல்லவில்லை. பாதி நிசம்தான், நானும் அவள் வீட்டுக்குப் போய் ஒரு மீனைக் கொடுத்து, மதினி, அன்னிக்கு நான் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பரவால்ல மதினி, அப்பச்சட்டியத் திருப்பிக் குடுங்க, மறந்துடுறேன் என்றாள். கொடுக்கவில்லை. உங்கப்பாவோ தன்னால்தான் நடந்தது என்று கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது போதாதென்று எருதின் மற்றக் கொம்பு விழுகிற நாள் நெருங்குகிறதாம், அதுவும் தன் அடுக்கிலிருந்து போன பனிக்கட்டியாம், பனியில் இழுக்கிற ஸ்லெட்ஜ் வண்டியை வாசலில் தயாராக நிறுத்திவைத்துக்கொண்டு தினமும் காலையில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார். நகரசபைக் காவலாளி, தாத்தா, தள்ளி நில்லுங்க என்கிறானாம், இவர், நான் பொறுமையாத்தான்யா இருக்கேன் என்கிறாராம்.

குன்னெய் மார்ச்சில் கிளம்புகிறாள். அவள் அம்மா அழுதுகொண்டே கையுறை பின்னுகிறாள், ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்திருக்கிறது. நான் அழவில்லை, எனக்குப் பழக்கம் இருக்கிறது. பஹ்ராம் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துக் கடிக்கிறான், அடித்தாலும் கேட்க மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். அடிக்காதே, அது நம் ரத்தம், விடு. ஆனால் வெயிலில் விளையாடிவிட்டு வந்த உடனே கொடுக்காதே, தொண்டை கட்டும். ஷவ்கத் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றாயே, கரடிக் கொழுப்பு ஒரு புட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்து அனுப்புகிறேன், டிப்போக் கரடியின் கொழுப்பு இல்லை, நிசக் கரடி. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழித்துத் தைக்காதே, உன் கண் என் கண், சீக்கிரம் மங்கும்.

உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் வாசலில் வருகிறவர் போகிறவர் குறையாமல் இருக்கட்டும், பிள்ளை உன்னைவிட ஒரு தலை உயரமாக வளரட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. பத்திரிகைக்காரன் எருதோடு எங்களை எடுத்த படத்தில் ஃபெவ்ரோனியா முழுசாக முன்னால் நிற்கிறாள், என்னுடையது தொப்பிக் காது மட்டும் தெரிகிறது, அதை அவள் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். நம் சுவரில் அடுப்புக்கு மேலே இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறேன், ஒன்று போகப்போகிற குன்னெய்க்கு, ஒன்று உங்களுக்கு. இருக்கிற படத்தில் பஹ்ராமுக்கு முன்பல் இல்லை, இப்போது முளைத்திருக்குமே, பல் தெரியச் சிரிக்கச் சொல்லி, நீயும் பக்கத்தில் நின்று, தொப்பி இல்லாமல், புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. உறைக்குள் அட்டை வைத்து அனுப்பு, போன தடவை மடிப்பு மாப்பிள்ளையின் மூக்கின்மேல் விழுந்துவிட்டது. தபால்காரரிடம் என் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கப்பா வாங்கினால் எதை எதற்குள் போடுவாரோ, யார் கண்டது.

உன் அம்மா,
அக்குலினா